சார்ஜன் சுட்ட பன்றியும் நான்கு கிலோ பூசணிக்காயும்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. பயம் வந்தால் மற்றவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எனக்கு அவிழ்ந்துகொள்ளும். பல் டாக்டர் நாற்காலியில் சாய்த்தால் அவருக்கே பல்லைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பிப்பேன். போலீஸ்காரர் மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டச் சொன்னால், அவர் கவனிக்காத குற்றங்களையும் நானே எடுத்துக் கொடுப்பேன். இதனால் நான் பட்ட அவமானங்களை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. ஆனால் எல்லாவற்றுக்கும் சிகரம் பதினெட்டு வருடங்களுக்கு முன் பீடோங்கில் பெண் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கூலிமில் கண்ணாடித் தகடு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. சோதனைக் கூடத்தில் என் பதவிக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. செய்த வேலை என்னவோ இவ்வளவுதான்: ஓர் இரும்புக் குண்டை உயரத்திலிருந்து கண்ணாடித் தகட்டின் மேல் போடுவேன். உடைந்ததா, கீறல் விழுந்ததா, ஒன்றும் ஆகவில்லையா என்று எழுதுவேன். குண்டைப் பொறுக்கி மறுபடியும் போடுவேன். எட்டு மணி நேரம். (கோலி விளையாடுகிற பையனுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், எனக்குக் கழுத்தில் அட்டை தொங்கியது.) இந்தத் தொழிலை என் அம்மா எங்கள் ஊரான லூனாஸ் முழுக்க "மகன் விஞ்ஞானி" என்று சொல்லி வைத்திருந்தார்.

விஞ்ஞானிக்குப் பெண் அமையவில்லை. மூன்று வீடுகளில் பார்த்து மூன்றும் தட்டிப்போனது. முதல் வீட்டில் பதற்றத்தில் அவர்களுடைய மாடிப்படி எப்படித் தப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று விளக்கினேன். இரண்டாவது வீட்டில் மீன் தொட்டியின் கண்ணாடி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொன்னேன். மூன்றாவது வீட்டில் என்ன சொன்னேன் என்பதை அம்மா இன்றுவரை என்னிடம் சொல்ல மறுக்கிறார்.

ஆனால் பீடோங் வீடு வேறு. வாசுகியை நான் முன்பே பார்த்திருந்தேன். சுங்கை பட்டாணியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலை. அழகான பெண் பக்கத்தில் உட்கார்ந்த பயத்தில், அப்பளம் ஏன் ஒருபோதும் சரிபாதியாக உடைவதில்லை என்று அவளுக்குப் பாயசம் வருகிறவரை விளக்கினேன். அவள் எழுந்து போகவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நமுத்துப் போன அப்பளம்?" என்றாள். என் பிறவியில் என் விளக்கத்துக்குக் கேள்வி கேட்ட முதல் மனுஷி. அன்று இரவே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கட்டினால் இவளைத்தான் என்று.

அப்படி ஓர் ஆசை வந்துவிட்டால் பயம் இரண்டு மடங்காகிவிடுகிறது. காரில் போகும்போதே என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அம்மா பக்கத்தில் வெற்றிலை பாக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

"இங்க பாரு. மூணே வார்த்தைதான். ஆமா. இல்ல. போதும். நாலாவதா ஒரு வார்த்தை வந்துச்சு, நான் அங்கேயே உக்காந்து அழுதுருவேன்."

"சரிம்மா."

"சரி கூட வேணாம். ஆமான்னு சொல்லு."

அப்புறம் இன்னொரு குண்டையும் போட்டார். அந்த வீட்டில் சம்மதம் ஒருவர் கையில் இல்லை, இரண்டு பேர் கையில். அப்பா சரி என்றால் பாதி. தாய்மாமன் தலையாட்டினால்தான் மீதி. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காத கல்யாணம் அந்தப் பக்கம் நடந்ததே இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்த அப்பாவும் தாய்மாமனும் முப்பது வருடமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லையாம்.

வீடு பீடோங்குக்கு வெளியே, பழைய தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு முனியாண்டி கோயில், அதற்கும் பின்னால் செம்பனை மரங்கள். வாசுகியின் அப்பா போலீஸில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் அந்த வட்டாரத்தில் அது யாருக்கும் தெரியாது. சார்ஜன் என்றால் போதும். தாய்மாமன் பெயர் இராமையா. பின்னாலிருந்த கோயிலைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். சார்ஜனுக்கு நெஞ்சு முன்னால் வரும், பிறகுதான் ஆள் வருவார். இராமையா ஒல்லி, பேசினால்தான் அங்கே இருக்கிறார் என்று தெரியும்.

அரிசிச் சேமியா மீஹூன் வந்தது. சிவப்புச் சிராப் தண்ணீர் வந்தது. தட்டை வைக்கும்போது வாசுகி என்னை ஒரு தரம் பார்த்தாள். என் கை பேண்ட் பைக்குள் போய் அங்கிருந்த இரும்புக் குண்டைப் பிடித்துக்கொண்டது. (தொழிற்சாலையில் தேய்ந்துபோனதென்று தூக்கிப் போட்ட குண்டு. பயம் வரும்போது உருட்டுவதற்காக வைத்திருந்தேன்.)

"நல்லா சாப்புட்டீங்களா தம்பி?" என்றார் சார்ஜன்.

"ஆமா."

"இன்னும் கொஞ்சம் மீஹூன்?"

"போதும்."

"கூலிமுக்குப் போக வர கஷ்டமா இருக்குமே லா?"

"இல்ல."

மூன்று வார்த்தைகளும் தீர்ந்தன. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை. அந்த இடத்தில் யாராவது வீடு தீப்பற்றுகிறது என்று கத்தியிருந்தால்கூட என் வாழ்க்கை நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா சொன்னாங்க, தம்பி இம்பேக்ட் ஆராய்ச்சி பண்றீங்களாம்," என்றார் சார்ஜன். "எது எதுமேல மோதுனா என்னாகும்னு கண்டுபுடிக்கிறதாம்."

"ஆமா."

இராமையா மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக வாய் திறந்தார். "அப்ப தம்பிகிட்டயே கேட்டுருவோம் மாமா."

"கேளு மச்சான். நானும் அதத்தான் நெனச்சேன்."

முப்பது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் நான்தான். சார்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி. ரொம்ப நாளா எங்களுக்குள்ள ஒரு பேச்சு. இவரு அருவாங்கிறாரு. நான் துப்பாக்கிங்கிறேன். எதோட அடி பெரிய அடி? படிச்ச ஆளு நீங்க, சொல்லுங்க."

ஆமா, இல்ல, போதும். மூன்றையும் மனதுக்குள் அந்தக் கேள்விக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. துப்பாக்கி என்றால் தாய்மாமன் போச்சு. அருவா என்றால் அப்பா போச்சு.

"ரெண்டும்தான் அங்கிள்," என்றேன்.

"அது எலெக்‌ஷன்ல நிக்கிறவன் சொல்ற பதில் லா. கணக்கா சொல்லுங்க."

கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் என் நாக்கு அவிழ்ந்தது. சுவரில் தொங்கிய நாள்காட்டியின் கீழே பழைய தாள்கள் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தேன். துப்பாக்கிக் குண்டு எட்டு கிராம், வேகம் வினாடிக்கு முந்நூற்றைம்பது மீட்டர். அருவா ஒரு கிலோ, நல்ல கையாக இருந்தால் வேகம் பன்னிரண்டு மீட்டர். ஆற்றல் என்று பார்த்தால் குண்டுக்கு நானூற்றுத் தொண்ணூறு, அருவாளுக்கு எழுபத்திரண்டு. மொமெண்டம் என்று பார்த்தால் குண்டுக்கு மூன்று கூட வராது, அருவாளுக்குப் பன்னிரண்டு.

"ஆற்றல்ல துப்பாக்கி ஏழு பங்கு பெரிசு. மொமெண்டத்துல அருவா நாலு பங்கு பெரிசு," என்று அறிவித்தேன்.

இரண்டு பேர் முகமும் மலர்ந்தது. ஆளுக்கொரு வெற்றி! இயற்கையே எனக்காக ஒரு சமரசத்தை எழுதி வைத்திருந்தது. அந்த நிமிடத்தில் நான் வாயை மூடி சிராப் தண்ணீரைக் குடித்திருந்தால் தாம்பூலம் மாற்றிக்கொண்டு மதியத்துக்குள் லூனாஸ் திரும்பியிருப்போம்.

"மொமெண்டம்னா என்னா தம்பி?" என்றார் சார்ஜன்.

"தள்ளுற பலம் அங்கிள்."

"அப்ப துப்பாக்கிக்குத் தள்ளுற பலம் கம்மிங்கிறீங்க."

அம்மா இருமினார். நான் கவனிக்கவில்லை.

சார்ஜன் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். காக்கிச் சட்டைக்குள் ஒரு கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லிப் பையன். இருபத்து மூன்று வயது சார்ஜனாம். "இந்த வயசுல, இதே தோட்டத்துல," என்று ஆரம்பித்தார். காட்டுப் பன்றி ஒன்று ரப்பர் பால் மரத்துக் காட்டிலிருந்து வெளியே வந்து ஆட்களை விரட்டிக்கொண்டிருந்ததாம். இவர் தனியாகப் போனாராம். பன்றி நேரே இவரைப் பார்த்து ஓடி வந்ததாம். இவர் அசையாமல் நின்று ஒரே ஒரு குண்டு போட்டாராம். பன்றி அப்படியே பின்னால் மூன்று அடி பறந்து வாய்க்காலில் விழுந்து, மழை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். அவர் சொல்லும்போது வாசுகியும் அவள் அம்மாவும் சமையலறை வாசலில் நின்று உதட்டை மட்டும் அசைத்து வரிக்கு வரி கூடவே சொன்னார்கள். அந்த வீட்டில் அது கிட்டத்தட்ட சாமிப் பாட்டு.

"மூணடி! இப்ப சொல்லுங்க. தள்ளுற பலம் இல்லியா?"

அவர் கேட்டது பதிலுக்காக அல்ல, பாராட்டுக்காக. மனிதனாகப் பிறந்த எவனுக்கும் அது புரியும். எனக்குத்தான் பயம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது.

"அது முடியாது அங்கிள்," என்றேன்.

சார்ஜன் படத்தை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னா முடியாது?"

"குண்டு பன்னிய எவ்வளவு பின்னால தள்ளுதோ, அதே அளவு துப்பாக்கி உங்களையும் பின்னால தள்ளும். நீங்க அப்ப பன்னிய விட ஒல்லி. பன்னி மூணடி பறந்திருந்தா, நீங்க அதுக்கும் மேல பறந்து அந்தப் பக்கம் விழுந்திருக்கணும். சும்மா நிக்கிற பன்னியக்கூட அந்தக் குண்டு ஆமை வேகத்துக்குத்தான் தள்ளும். ஓடி வர்ற பன்னிக்கு அது தெரியவே தெரியாது."

"யாரு சொன்னா?"

"இது மூணாவது லோ அங்கிள்."

"எந்த செக்‌ஷன்ல வருது?" என்று கேட்டார் சார்ஜன். முப்பது வருடம் சட்டத்தோடு வாழ்ந்தவர். அவருடைய சட்டத்தில் இல்லாத ஒன்றை நான் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். அவர் நெஞ்சு மெதுவாக உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன். வாசுகி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

இராமையா மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். எதிராளி கதை உடைந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அவர் சிரிக்கவில்லை. அவசர அவசரமாகக் குறுக்கே விழுந்தார்.

"துப்பாக்கிய வுடுங்க தம்பி. எங்க அருவாளுக்கு வாங்க. திருவிழால முனியாண்டி அருவா மேல நான் வெறுங்காலோட ஏறி நிப்பேன். சாணை புடிச்ச அருவா. ஒரு கோடு விழாது. அத என்னா சொல்றீங்க? அது சாமிதான்?"

கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்து நீட்டினார் அந்த நல்ல மனிதர். "ஆமா" என்ற ஒரே வார்த்தை. அம்மா சொல்லிக் கொடுத்த முதல் வார்த்தை.

"அது சாமி இல்ல மாமா," என்றது என் வாய். "நேரா அமுக்குனா எந்தக் கத்தியும் லேசுல அறுக்காது. இழுத்தாத்தான் அறுக்கும். தக்காளிய அமுக்கிப் பாருங்க, நசுங்கும். இழுங்க, அறுபடும். நீங்க அசையாம நிக்கிறீங்க, எடை ரெண்டு பாதத்துலயும் நீளமா பரவிருது, உங்க காலுத் தோலும் தடிப்பு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இராமையா மாமா எழுந்தார்.

"அப்ப யாரு வேணும்னாலும் நிக்கலாம்."

"நிக்கலாம் மாமா."

"தடிப்புத் தோலு இல்லாதவங்க?"

"அவங்களும்... நிக்கலாம்."

"வாங்க. கோயிலு பின்னாலதான் இருக்கு. செருப்புப் போடாம வாங்க."

அறிவியல் என்பது மற்றவர்களின் காலுக்கு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். என் சொந்தப் பாதம் இரண்டும் காலுறைக்குள் சுருண்டுகொண்டன. எப்படியாவது அந்தக் கோயிலுக்குப் போகாமல் தப்ப வேண்டும். "அதுக்கு முன்னாடி," என்று கத்தினேன், "ஒரு சின்னச் சோதனை பண்ணிரலாம்! துப்பாக்கியும் அருவாளும். கண்ணாலயே பாத்துக்கலாம். எதுக்கு வாய்ப்பேச்சு?"

உடைந்துபோயிருந்த சார்ஜனுக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது. "துப்பாக்கிக்கு எங்க போறது? ஒப்படைச்சு ஒரு வருஷமாச்சு."

"குரங்கு வெரட்ட லாஸ்டிக் வச்சிருக்கீங்கதான்?" என்றார் இராமையா மாமா. லாஸ்டிக் என்றால் கவண். ரம்புத்தான் காய்க்கிற வீடுகளில் எல்லாம் ஒன்று தொங்கும். நான் பையிலிருந்து இரும்புக் குண்டை எடுத்து நீட்டினேன். சின்ன எடை, பெரிய வேகம்: அது துப்பாக்கி. பின்பக்கத்திலிருந்த பாராங் கத்தி, பெரிய எடை, சின்ன வேகம்: அது அருவா. சரி, எதை அடிப்பது? கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஏதாவது கனமான பொருள் வேண்டும். குண்டு பட்டால் ஓட்டை விழும், ஆனால் பொருள் ஆடாது. கத்தியைத் திருப்பிப் பிடித்து மொட்டைப் பக்கத்தால் அடித்தால் ஓட்டை விழாது, ஆனால் நன்றாக ஆடும். ஆற்றலும் மொமெண்டமும் பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும். இரண்டு பேரும் மறுபடி ஜெயிப்பார்கள்.

கார் நிறுத்தும் முன்கூரையில் அப்படி ஒரு பொருள் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது என்னவென்று தெரிந்துதான் நின்றேன். அதற்கு முழித்த கண்ணும், முறுக்கிய மீசையும், கோரைப்பல்லும் வரைந்திருந்தார்கள். லூனாஸில் எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற கண்ணையெல்லாம் வாங்கிக்கொள்ளத் தொங்கவிட்ட திருஷ்டிப் பூசணிக்காய். ஆனால் அன்றைக்கு என் மூளை அதைப் பார்த்து "நான்கு கிலோ, கயிறு இரண்டடி, ஆடத் தடையில்லை" என்று மட்டும் குறித்துக்கொண்டது.

"இதயா?" என்றார் இராமையா மாமா, சற்றுத் தயங்கி.

"அது பழசு மச்சான். எடுக்கத்தான் வேணும், பத்து மாசமாவுது," என்றார் சார்ஜன், லாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபடி. (மாதா மாதம் அமாவாசைக்கு அதை மாற்றும் பொறுப்பு அவருடையது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

ஆடுகிறதா என்று அளக்க நான் பூசணிக்காயின் கீழே, ஒரு பள்ளிக்கூட அடிக்கோலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். சார்ஜன் ஒரு கண்ணை மூடினார். குறி என்றால் அப்படி ஒரு குறி. இரு புருவத்துக்கும் நடுவில் டப்பென்று ஓட்டை.

"பாத்தீங்களா!" என்று துள்ளினேன். "ஓட்டை விழுந்துச்சு, ஆனா ஆடல! ஆடவே இல்ல!"

அந்த ஓட்டையிலிருந்து கறுப்பாக ஒரு கோடு தண்ணீர் என் நெற்றியில் இறங்கியது. பத்து மாதப் பூசணிக்காய்க்குள் சதை இருக்காது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முதலில் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு வாசம் வந்தது. அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. செத்த எலி அதற்குப் பக்கத்தில் மல்லிகை.

"மாமா, திருப்பிப் புடிச்சு—" என்று சொல்வதற்குள் இராமையா மாமா கையை ஓங்கிவிட்டார். கோயிலில் கிடா வெட்டிப் பழகிய கை. அதற்கு மொட்டைப் பக்கம் தெரியாது. ஒரே வீச்சு. பூசணிக்காய் சரிபாதியாகப் பிளந்தது. உள்ளே இருந்ததெல்லாம் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி முதலில் என் மேலும், மிச்சம் அவர்கள் இருவர் மேலும், அப்புறம் சார்ஜனின் கார் மேலும் கொட்டியது. பாதி மீசை என் காலடியில் விழுந்தது.

சத்தம் கேட்டு அம்மாவும் வாசுகியின் அம்மாவும் ஓடி வந்தார்கள். அம்மா கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. தாம்பூலம் மாற்றலாமா என்று உள்ளே பேசிக்கொண்டிருந்தார்களாம், பாவம்.

"ஐயோ, திருஷ்டிக் காய!" என்று அலறினார் வாசுகியின் அம்மா. "பத்து மாசக் கண்ணும் புள்ள தலையில எறங்கிருச்சே! பொண்ணு பாக்க வந்த நாளும் அதுவுமா!"

என் அம்மா தட்டைக் கீழே வைத்தார். சொன்னபடியே அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார். அதைப் பார்த்தபோது எனக்கும் அழுகை வந்தது. வாசுகியை இனிமேல் பார்க்கவே முடியாது என்று நினைத்தேன். நிமிர்ந்தால் அவள் வாசலில் துண்டோடு நின்றாள். மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"மாமா திருப்பிப் புடிச்சு அடிச்சிருந்தா நெஜமாவே ஆடியிருக்குமா?" என்று கேட்டாள்.

"ஆடியிருக்கும்," என்றேன்.

சார்ஜன் என் கையைப் பிடித்துப் பின்பக்கக் குழாயடிக்கு இழுத்துப் போனார். அடிக்கப் போகிறார் என்றே நம்பினேன். அவர் குழாயைத் திறந்து என் தலையை அதன் கீழே காட்டினார். தானும் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். சட்டை இல்லாமல் பார்த்தபோது அவர் அந்தப் படத்தில் இருந்த பையன் மாதிரியே இருந்தார்.

"தம்பி," என்றார் குரலைத் தாழ்த்தி. "அந்த மூணாவது லோ சரிதானா?"

"சரிதான் அங்கிள்."

குழாயை மூடினார். "பன்னி பறக்கல. குண்டு மேல போயி ஏதோ மரத்துல பட்டுச்சு. வாய்க்கால்ல வுழுந்தது நான்தான். எந்திரிக்கப் பாத்தா பன்னி என்னயப் பாத்துக்கிட்டே நிக்குது. அப்புறம் அது பாட்டுக்குப் போயிருச்சு. யாரும் இல்ல அங்க. நானும் பன்னியும்தான். இத்தன வருஷம் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. ஏன் வுழுந்தேன்னு எனக்கே புரியாம இருந்துச்சு. நீங்க சொன்னதும்தான் வெளங்குச்சு. துப்பாக்கிதான் என்னயத் தள்ளியிருக்கு, இல்ல?"

இல்லை. கைத்துப்பாக்கி உதைத்து யாரும் வாய்க்காலில் விழ முடியாது. கையைத்தான் உதறும். அவர் விழுந்தது பயத்தில் பின்னால் கால் வைத்ததால். அந்தக் கணக்கு முழுவதும் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லை அழுத்திக் கடித்தேன். அவர் முகம் என் பதிலுக்காகக் காத்திருந்தது. என்னைவிடப் பெரிதாகப் பயந்த ஒரு முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"ஆமா அங்கிள்," என்றேன். "துப்பாக்கிதான்."

அவர் என் தோளைத் தட்டினார். "என் மச்சானுக்கு மட்டும் தெரிய வேணாம். தெரிஞ்சா என்னய வாழ வுட மாட்டான்." பிறகு ஒரு நிமிடம் கழித்து, "அங்கிள் வேணாம். மாமான்னே கூப்புடுங்க," என்றார்.

இராமையா மாமாவைச் சமாளிக்க யாரும் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. முனியாண்டியை நம்பாத ஒருவன் தலையில் கால் மணி நேரத்துக்குள் அழுகல் கொட்டினால், அதற்கு மேல் அவருக்கு என்ன நிரூபணம் வேண்டும்? "சாமி குடுக்க வேண்டியதக் குடுத்துருச்சு. இனிமே எனக்கும் தம்பிக்கும் ஒண்ணுமில்ல," என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார். நான் அவருடைய அருவா மேல் ஏறி நிற்க வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. வருடா வருடம் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறார். வருடா வருடம் சரியாக அந்த வாரத்தில் எனக்குக் குதிகால் வலி வந்துவிடுகிறது.

கல்யாணத்தன்று மாலையை எடுத்து என் கையில் கொடுக்கும்போது, நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் இராமையா மாமா என் காதில் குனிந்தார்.

"மாப்ள, சார்ஜன் கதைய இனிமே நோண்டாதீங்க. அன்னிக்கு நான் அங்கதான் பால் மரம் சீவிக்கிட்டிருந்தேன். பதினேழு வயசு. மரத்துக்குப் பின்னால நின்னு பாத்தேன். யாரு வாய்க்கால்ல வுழுந்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

நான் திகைத்துப் போனேன். முப்பது வருடம் வாராவாரம் சண்டை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருக்கலாம்.

"ஏன் மாமா சொல்லல?"

"எங்கக்கா அந்தக் கதையக் கேட்டுட்டுத்தான் அவரக் கட்டிக்கிச்சு," என்றார். "மாலையப் போடுங்க, நேரமாவுது."

இப்படியாக ஒரே பொய்க்கு இரண்டு காவல்காரர்களில் ஒருவனாக நான் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தேன். எனக்கு அங்கே ஒரு நிரந்தர உத்தியோகமும் கிடைத்தது. விருந்தென்று நாலு பேர் கூடினால் மாமனார் பன்றிக் கதையை எடுப்பார். முடிக்கும்போது என் பக்கம் திரும்பி, "மாப்ள ஃபிசிக்ஸ் படிச்சவரு, கேட்டுக்குங்க. பறக்குமா மாப்ள?" என்பார். "பறக்கும் மாமா," என்று நான் சான்றிதழ் கொடுப்பேன். இப்போது வீட்டில் யார் எந்தப் புளுகு விட்டாலும், மீன் சைஸாக இருந்தாலும் சம்பள உயர்வாக இருந்தாலும், எல்லோரும் கோரஸாக என்னைப் பார்த்து, "பறக்குமா மாப்ள?" என்று கேட்கிறார்கள். வாசுகி எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்பாள்.

என் மகளுக்கு இப்போது பதினாறு வயது. பள்ளியில் படிவம் நான்கு. சென்ற தீபாவளிக்குப் பீடோங்கில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாமனாருக்கு எழுபத்து நாலு ஆகிறது; பன்றி இப்போது எட்டு அடி பறக்கிறது. கதை முடிந்து, அவர் என் பக்கம் திரும்புவதற்குள் என் மகள் கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தாள்.

"தாத்தா, பன்னி எட்டடி பறந்துச்சுன்னா, நீங்க எவ்ளோ தூரம் பறந்தீங்க? தேர்ட் லோ படி நீங்கதான் ரொம்பப் பறந்திருக்கணும். கால்குலேட் பண்ணிப் பாத்தேன். பாசிபிளே இல்ல தாத்தா."

பெற்ற பிள்ளையின் வாயில் என் வியாதியைக் கேட்டேன். யாரும் மெல்லவில்லை. மாமனாரின் நெஞ்சு, பதினெட்டு வருடத்துக்கு முன் போன மாதிரியே, மெதுவாக உள்ளே போக ஆரம்பித்தது. நான் "பறக்கும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவளுக்கு நான்தான் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

எதிர்வரிசையில் இராமையா மாமா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாப்பா, நீ கணக்குல பாத்த. நான் கண்ணால பாத்தேன்," என்றார். "நான் அங்கதான் நின்னேன், மரத்துக்குப் பின்னால. பறந்துச்சு. பத்தடி."

மாமனார் அவரைத் திரும்பிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"நீ அங்க நின்னியா மச்சான்?"

"நின்னேன் மாமா."

மாமனார் இலையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்தார். கண் கலங்கியிருந்தது.

"பத்தெல்லாம் இல்ல மச்சான்," என்றார். "எட்டுதான்."